யாருடைய சம்மதத்துக்காகக் காத்திருப்பது?

ஆடித் திருவிழா, பங்குனித் தேர் என்று கிராமக் கோயில்களில் விழாக்காலம் நெருங்கிவிட்டால், தமிழகத்தின் பல வட்டாட்சியர் அலுவலகங்களில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’க்கு நாற்காலிகள் போடப்படுகின்றன. ஒருபக்கம் ஊர்த் தெருக்காரர்கள், மறுபக்கம் தலித் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள், நடுவில் வருவாய்த் துறையும் காவல் துறையும். பேச்சு ஒன்றுதான்: இவர்களைக் கோயிலுக்குள் விடலாமா, கூடாதா? சட்டம் இதற்கு 1947லேயே பதில் சொல்லிவிட்டது. பிறகும் அதே கேள்வி ஏன் மேசைக்கு வருகிறது? இதைப் புரிந்துகொள்ள, சேலத்தில் வக்கீலாகத் தொடங்கி, நாட்டின் கவர்னர் ஜெனரலாக உயர்ந்து, 80 வயதில் ஒரு வலதுசாரிக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜியின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டம், தண்டராம்பட்டு வட்டத்தில் இருக்கிறது தென்முடியனூர். அங்குள்ள முத்துமாரியம்மன் கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது. அரசுத் துறை நிர்வகிக்கும் அந்தக் கோயிலுக்குள் ஏறத்தாழ 80 ஆண்டுகளாகத் தலித் மக்கள் காலெடுத்து வைத்ததில்லை. 2023 ஜனவரி 30 அன்று மாவட்ட ஆட்சியரும் காவல் துறை உயரதிகாரிகளும் முன்னால் நடக்க, இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே போனார்கள். பெண்கள் பொங்கல் வைத்தார்கள். தலை நரைத்த பலர் தங்கள் ஊர் அம்மனின் முகத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில், அதே மாவட்டத்தின் வேட்டவலம் பகுதியில் உள்ள செல்லங்குப்பத்திலும் மாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடுதான் நுழைய முடிந்தது. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் சாதி கேட்காமல் சேர்ந்து கிரிவலம் வரும் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருக்கின்றன இந்தக் கிராமங்கள். அண்ணாமலையார் கோயிலின் ராஜகோபுரத்தின் கீழ் யாரும் யாரையும் தடுப்பதில்லை. தெருமுனை மாரியம்மன் கோயிலில்தான் தடை.

திருவண்ணாமலைக்கு வந்த ராஜாஜி

1949 மே மாதம் கவர்னர் ஜெனரல் ராஜாஜி திருவண்ணாமலைக்கு வந்தார். ஆயிரங்கால் மண்டபத்தின் அடியில் பாதாள லிங்கச் சந்நிதி இருக்கிறது. 1896இல் பதினாறு வயதுச் சிறுவனாக ஊரைவிட்டு வந்த ரமணர் பூச்சிகள் அரித்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்த நிலவறை அது. வெகுகாலம் பாழடைந்து கிடந்ததை ஒரு பார்சிப் பெண்மணியின் முயற்சியில் சீரமைத்திருந்தார்கள். அதைத் திறந்துவைக்கத்தான் ராஜாஜி வந்திருந்தார்.

அந்தப் பயணத்தை வரலாறு நினைவில் வைத்திருப்பது வேறொரு காரணத்துக்காக. திருவண்ணாமலை ரயில் நிலையத்தில் நின்ற சலூன் பெட்டிக்குள் பெரியார் அவரைச் சந்தித்துத் தனியாகப் பேசினார். பேசியது என்ன என்று திராவிடர் கழகத்தவர்கள் கேட்டார்கள்; அது சொந்த விஷயம் என்றார் பெரியார். ஜூலையில் பெரியார்–மணியம்மை திருமணம் நடந்தது. அதை ஏற்காதவர்கள் பிரிந்துபோக, செப்டம்பர் 17 அன்று அண்ணா தலைமையில் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. பொதுவாழ்வில் நேரெதிர்த் துருவங்களாக இருந்த இருவருக்கும் இடையில், நெருக்கடியான நேரத்தில் ஆலோசனை கேட்கும் அளவுக்கு நட்பு இருந்தது. ராஜாஜியை வெறும் பழமைவாதி என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இந்த நட்பும் ஒரு சான்று.

சேலத்து வக்கீல்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் முன்சீப்பின் மகனாக 1878 டிசம்பர் 10 அன்று பிறந்தவர் ராஜாஜி. பெங்களூரிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்துவிட்டு, 1900இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். குற்றவியல் வழக்குகளில் குறுக்கு விசாரணைக்குப் பெயர்பெற்றார். வருமானம் கொட்டியது. அந்தக் காலச் சேலத்தில் மோட்டார் கார் வைத்திருந்த வெகுசிலரில் அவரும் ஒருவர். 1917இல் நகராட்சித் தலைவரானார். சேலம் நகராட்சிக்கு முதல் தலித் உறுப்பினர் வந்தது அவருடைய காலத்தில்தான்.

1919இல் சென்னைக்குக் குடிபெயர்ந்த ராஜாஜியின் வீட்டில் காந்தி தங்கினார். அடுத்த ஆண்டு ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழிலை விட்டுவிட்டார். வேலூர்ச் சிறை, திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் 1925இல் தொடங்கிய காந்தி ஆசிரமம், 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் என்று அதற்குப் பிந்தைய வாழ்க்கை போனது.

நீதிமன்றத்தைத் துறந்த அந்த வக்கீல் ஒருமுறை நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போனார். திருப்பதியை அடுத்த திருச்சானூர்க் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட பக்தர் ஒருவர் நுழைந்துவிட்டார். தேங்காய் உடைத்துக் கும்பிட்டு வர நினைத்தவர் மீது, வழிபாட்டுத் தலத்தின் புனிதத்தைக் கெடுத்ததாகத் தண்டனைச் சட்டப்படி வழக்குப் போட்டுத் தண்டித்துவிட்டார்கள். மேல்முறையீடு சித்தூருக்கு வந்தபோது, அந்த மனிதருக்காக ராஜாஜி வாதாடினார். கறுப்பு அங்கி கிடையாது, உடம்பில் கதர்தான். தொழில்முறைக் கூர்மை மட்டும் மழுங்கவில்லை. தண்டனை ரத்தானது.

தீண்டாமையின் கொடுமை பற்றி மேடையில் பேசுவதற்கு அன்று பலர் இருந்தார்கள். தண்டிக்கப்பட்ட ஏழை ஒருவரின் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு, தான் எடுத்த விரதத்தையே தளர்த்திக்கொண்டு, ஊர்விட்டு ஊர் போய் வாதாட ஒருவர் தேவைப்பட்டார். ராஜாஜியின் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத இந்த நாளைத்தான் இன்றைய வக்கீல்கள் முதலில் படிக்க வேண்டும்.

1939இல் திறந்த கதவு

1937இல் சென்னை மாகாணப் பிரதமரானார் ராஜாஜி. அடுத்த ஆண்டு, தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம்.சி.ராஜா ஆலயப் பிரவேச மசோதா ஒன்றைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். ராஜாஜி அதை ஆதரிக்கவில்லை. திரும்பப் பெறச் சொன்னார். சாதி இந்துக்களின் மனம் கனியாமல் மாகாணம் முழுமைக்கும் சட்டம் போட்டால் எதிர்விளைவுதான் வரும் என்பது அவருடைய கணக்கு. முதலில் மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் வந்தது. எம்.சி.ராஜாவுக்கு ஏற்பட்ட ஏமாற்றமும் கோபமும் நியாயமானவை.

1939 ஜூலை 8 அன்று மதுரையில் வக்கீல் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தோழர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடு அவர்களை வரவேற்று உள்ளே விட்டார். சனாதனிகள் கொதித்தார்கள். பட்டர்கள் சிலர் சுத்திகரிப்புச் சடங்கு நடத்தாமல் பூஜை செய்ய மாட்டோம் என்றார்கள். பழைய சட்டத்தின்படி, கோயில் வழக்கத்தை மீறியதாக நாயுடு மீதும் வைத்தியநாத ஐயர் மீதும் வழக்குப் பாயும் அபாயம் இருந்தது.

அங்கேதான் ராஜாஜிக்குள் இருந்த வக்கீல் விழித்துக்கொண்டார். முதலில் அவசரச் சட்டம், பிறகு அதே ஆண்டில் முழுச் சட்டம். கோயிலைத் திறந்துவிட்ட அதிகாரிகள் மீதும் அறங்காவலர்கள் மீதும் யாரும் வழக்குத் தொடர முடியாதபடி அது காத்தது. துணிந்து கதவைத் திறந்தவர் தனியாக நீதிமன்றப் படியேறி அழியக் கூடாது. அரசு அவர் பின்னால் நிற்கும் என்பதைச் சட்டத்தின் வரிகளிலேயே எழுதிவைத்தார். தஞ்சைப் பெரிய கோயிலும் திறந்தது.

அதே சட்டத்துக்குள் ஒரு பலவீனமும் இருந்தது. வழிபடுவோரில் பொதுவாக எதிர்ப்பு இல்லை என்று அறங்காவலர் கருதினால், அரசின் ஒப்புதலோடு கோயிலைத் திறக்கலாம் என்றது அது. அறங்காவலருக்கு மனம் இல்லாவிட்டால்? ஊரில் எதிர்ப்பு இருக்கிறது என்று அவர் கைவிரித்துவிட்டால்? சாதி பார்க்காமல் ஒவ்வோர் இந்துவுக்கும் கோயிலுக்குள் நுழையும் உரிமை உண்டு என்று அறுதியிட்டுச் சொன்ன சட்டம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த 1947இல்தான் வந்தது.

சம்மதம் கேட்கப்படாதவர்கள்

சமூகத்தை இழுக்கக் கூடாது, அதன் சம்மதத்தோடு மெல்ல நகர்த்த வேண்டும் என்பதே பழமைவாத அரசியலின் சாரம். அதில் அறவே நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரே இரவில் போடப்படும் உத்தரவுகள் மறுநாள் காலையில் தூக்கியெறியப்பட்ட கதைகள் உலகெங்கும் உண்டு. ஆனால், ராஜாஜியின் ஆட்சியைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. அவர் யாருடைய சம்மதத்துக்காகக் காத்திருந்தார்?

கோயில் விஷயத்தில் சாதி இந்துக்களின் சம்மதத்துக்குக் காத்திருந்தவர், 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்தபோது பெற்றோர்களின் சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை. போராட்டம் வெடித்தது, சிறைக்குப் போன நடராசனும் தாளமுத்துவும் உயிரிழந்தார்கள். 1953இல் முதல்வராக இருந்தபோது, தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். பள்ளிக்கூடங்களுக்குத் தட்டுப்பாடு, ஒரே கட்டடத்தில் இரண்டு வேளை வகுப்பு நடத்தலாம் என்று அதற்கு நிர்வாகக் காரணங்கள் சொல்லப்பட்டன. சலவைத் தொழிலாளியின் மகனும் செருப்புத் தைப்பவரின் மகளும் அதே தொழிலில் முடங்கிப்போவார்கள் என்ற அச்சத்தை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ‘குலக்கல்வி’ என்ற பெயர் அந்தத் திட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. 1954 ஏப்ரலில் அவர் பதவி விலக, காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார்.

வலுத்தவர்களின் சம்மதம் தேவைப்பட்டது. பாதிக்கப்படுபவர்களின் சம்மதம் விட்டுப்போனது. இத்தனைக்கும், வலுத்தவர்களை மீறும் துணிச்சல் அவருக்கு இல்லாமல் இல்லை. 1952 ஆகஸ்டில் தஞ்சைக் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் வெளியேற்றத்திலிருந்து காக்க அவசரச் சட்டம் போட்டபோது, மிராசுதார்களின் மனம் கனியட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. தன் மகள் லட்சுமியைக் காந்தியின் மகன் தேவதாஸுக்கு 1933இல் மணமுடித்துக் கொடுத்தபோதும் அக்ரகாரத்திடம் ஓட்டெடுப்பு நடத்தவில்லை. மனம்வைத்த இடங்களில் அவர் வேகமாகவே நகர்ந்தார்.

1959இல் சுதந்திரா கட்சி பிறந்தது. கூட்டுறவுப் பண்ணை முறைக்கு நாகபுரி காங்கிரஸ் மாநாடு தீர்மானம் போட்டதும், விவசாயியின் நிலம் பறிபோகும் என்று எதிர்த்துக் கிளம்பினார் ராஜாஜி. பர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று எதற்கெடுத்தாலும் அரசு அலுவலகத்தின் வாசலில் நிற்க வேண்டிய நிலையை அவர்போல் விடாமல் விமர்சித்தவர் அன்று வேறு யாரும் இல்லை. 1967 மக்களவைத் தேர்தலில் அந்தக் கட்சி 44 இடங்களில் வென்றது. அதே ஆண்டில் தமிழகத்தில் தி.மு.க. ஆட்சிக்கு வர, அவருடைய கூட்டணியும் உதவியது. 1938இல் இந்தியைக் கொண்டுவந்தவர், 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்து நின்றார். கருத்தை மாற்றிக்கொள்ளத் தயங்காத மனிதர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1972 டிசம்பர் 25 அன்று அவர் மறைந்த பிறகு கட்சியும் நிலைக்கவில்லை. 1974இல் வேறொரு கட்சியில் கரைந்தது.

இன்றைய மேசை

கட்சி கரைந்தாலும், 1938இல் அவர் போட்ட கணக்கு கரையவில்லை. இன்று ஆட்சியில் யார் இருந்தாலும், வட்டாட்சியர் அலுவலக மேசையில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘அவர்களையும் சமாதானப்படுத்தி, எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு பார்க்கலாம்’ என்கிறார்கள். தடுப்பவரின் சம்மதம் கிடைக்கும்வரை, தடுக்கப்பட்டவரின் உரிமை கோப்புக்குள் கிடக்கிறது.

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூனில் சீல் வைக்கப்பட்டது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2024 மார்ச்சில் பூஜைக்காகப் பூசாரிக்கு மட்டும் கதவு திறந்தது. தலித் மக்கள் உள்ளே போய் வழிபட 2025 ஏப்ரல்வரை ஆனது. சீல் வைப்பது சட்டம் ஒழுங்குக்காக என்றார்கள். தடுத்தவர்களுக்கும் தடுக்கப்பட்டவர்களுக்கும் ஒரே தண்டனை கிடைத்ததுதான் நடைமுறையில் மிஞ்சியது. இன்னொரு பக்கம், 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் இறையூரில் ஆட்சியர் கவிதா ராமு தலித் மக்களை, அவர்கள் முறையிட்ட அன்றைக்கே கையோடு கோயிலுக்கு அழைத்துப் போனார். அதிகாரி தீர்மானித்துவிட்டால் ஒரு பகல் போதும் என்பதற்கு இறையூரும் தென்முடியனூரும் சாட்சி.

கதவு திறந்த மறுநாள்தான் உண்மையான சோதனை தொடங்குகிறது. ஆட்சியரின் வண்டி போய்விடும். போலீஸ் வேனும் சில நாள்களில் கிளம்பிவிடும். மறுவாரம் அதே பெண்கள் ஊர்க்காரர்களின் கழனிக்குத்தான் களையெடுக்கப் போக வேண்டும். மளிகைக் கடையில் கடன் சொல்ல வேண்டும். மாட்டை ஓட்டிக்கொண்டு பொதுப்பாதையில் நடக்க வேண்டும். ‘இனி இந்தப் பக்கம் வேலைக்கு வராதே’ என்று ஒரு வார்த்தை விழுந்தால், கோயில் உரிமையைவிட அடுப்பு எரிவது பெரிதாகிவிடும். இதற்குப் பயந்தே பல ஊர்களில் யாரும் மனு எழுதுவதில்லை. மனு வராததால் அந்த ஊர்களில் பிரச்சினையே இல்லை என்று கோப்பு சொல்கிறது.

என்ன செய்யலாம்?

முதல் வேலை கணக்கெடுப்பு. அறநிலையத் துறையின் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கிராமக் கோயிலுக்கும் ஆய்வாளர் நேரில் போக வேண்டும். தலித் மக்கள் கருவறைக்கு முன்னால் நின்று கும்பிடுகிறார்களா, அவர்களிடம் தலைக்கட்டு வரி வாங்கப்படுகிறதா, திருவிழாவில் அவர்களுக்கு ஒரு நாள் உபயம் உண்டா, சாமி ஊர்வலம் அவர்களின் தெருவுக்குப் போகிறதா என்று நான்கே கேள்விகள் போதும். ஊர்த் தெருவில் கேட்டு எழுதிக்கொண்டு வரக் கூடாது. குடியிருப்புக்குள் போய்ப் பெண்களிடம் கேட்க வேண்டும். மாவட்டவாரியாக அந்த அறிக்கை வெளியிடப்பட வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்தே இதைத் தொடங்கலாம்.

இரண்டாவது, அமைதிப் பேச்சுவார்த்தையின் பொருளை மாற்ற வேண்டும். நுழையலாமா என்பது அங்கே விவாதப் பொருளாகவே இருக்கக் கூடாது. எந்தத் தேதியில் நுழைவது, பாதுகாப்பு எப்படி, திருவிழாவில் யாருக்கு எந்த நாள் என்பவை மட்டுமே பேசப்பட வேண்டும். உரிமையைப் பேரம் பேசும் ஒப்பந்தத்தில் ஒரு தலித் பெரியவரிடம் கையெழுத்து வாங்கினால், அது செல்லாது என்று அரசு தெளிவாகச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். தவிர்க்க முடியாமல் சீல் வைத்தால், அது எந்தத் தேதியில் அகற்றப்படும் என்பதும் அதே உத்தரவில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, வேலை மறுப்பும் கடை மறுப்பும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களின்படி, கோயிலுக்குள் போவதைத் தடுப்பது மட்டுமல்ல, சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் தனிக் குற்றம். இது ஊர்களில் பலருக்குத் தெரியாது. கோயில் திறக்கப்பட்ட ஊரில் குறைந்தது ஆறு மாதங்களுக்கு அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் வேலை தடையில்லாமல் கிடைக்கவும், ரேஷன் கடையும் பால் கூட்டுறவுச் சங்கமும் ஒழுங்காக இயங்கவும் வட்டாட்சியர் நேரடியாகப் பொறுப்பேற்க வேண்டும். ஆட்சியர் தலைமையில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுவில், கோயில் திறந்த ஊர்களின் நிலவரம் நிரந்தரமாக இடம்பெற வேண்டும்.

ராஜாஜியின் 1939 சட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. கதவைத் திறக்கும் செயல் அலுவலரையும் தக்காரையும் பூசாரியையும் அரசு காக்க வேண்டும். உள்ளூர் அழுத்தத்தால் அவர்கள் இடமாற்றம் செய்யப்படக் கூடாது. வழக்கு வந்தால் அரசு வக்கீல் அவர்களுக்காக ஆஜராக வேண்டும். கண்ணை மூடிக்கொள்ளும் அதிகாரிக்கு, கடமை தவறியதற்காக அதே வன்கொடுமைச் சட்டத்திலேயே தண்டனை உண்டு. அந்தப் பிரிவை ஒருமுறையாவது எடுத்துப் பயன்படுத்த வேண்டும்.

கடைசியாக, வக்கீல்கள். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்காகத்தான் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. திருவண்ணாமலை, ஆரணி, செய்யாறு, போளூர், செங்கம் நீதிமன்றங்களில் தொழில் செய்யும் இளம் வக்கீல்கள் ஆளுக்கு இரண்டு கிராமங்களைப் பொறுப்பெடுத்துக்கொள்ளலாம். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே போய், மனு எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிவைத்து, வட்டாட்சியர் கூட்டத்தில் அந்த மக்களின் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். புகார் கொடுத்தவர் வேலையிழந்தால், அன்றே நிவாரண மனுவும் எழுத வேண்டும். வரும் ஆடிக்கு முன் இதற்கான பெயர்ப் பட்டியலை ஆணைக்குழுவும் வழக்கறிஞர் சங்கங்களும் சேர்ந்து தயாரித்து, ஒவ்வொரு ஊராட்சி அலுவலகப் பலகையிலும் தொலைபேசி எண்ணோடு ஒட்டிவைக்கலாம்.